நான்தான் திருப்புனேன்

நான்தான் தம்பி. போதுமா? நான்தான் திருப்புனேன். அந்தச் செயற்கைக் கால விளக்குக்கு நேராத் தூக்கித் தூக்கிக் காட்டாதீங்க, எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. போன தடவ நீங்க ஸ்க்ரூ மேல சிவப்புக் கோடு போட்டு அனுப்புனீங்க. இப்ப கோடு ரெண்டாப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் நிக்குது. யாரோ திருப்பியிருக்காங்க. வீட்டுல இருக்கறது எம் புருஷன் ஒஸ்தாப்பும் நானும். பொண்ணு சண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து போலந்துல என் தங்கச்சி கூட இருக்கா. பூனைக்குத் திருப்பத் தெரியாது. அப்ப யாரு? நான்தான்.

அவன்கிட்ட சொல்லணுமா? சொல்லுங்க. நான் வேணாம்னா சொன்னேன்? எம் புருஷன்கிட்ட சொல்லுங்க, இங்க உங்களுக்கு மேல இருக்கற பெரியவர்கிட்ட சொல்லுங்க, வெளிய வராந்தா பெஞ்சுல கையில்லாம காலில்லாம உக்காந்திருக்காங்களே அத்தன பேருகிட்டயும் சொல்லுங்க. ஒஸ்தாப் பொண்டாட்டி ஒலேஸ்யா ஒரு பேய்னு சொல்லுங்க. நான் மறுக்க மாட்டேன்.

உக்காரல தம்பி, நிக்கறேன். நாள் பூரா ட்ராலி பஸ் ஓட்டறவளுக்கு உக்காந்து உக்காந்துதான் இடுப்பே போச்சு.

உங்க கோவம் நியாயந்தான். மிச்சக்கால நுழைக்கற சாக்கெட்டு, இது மூணாவது. மொதல்ல வார்த்தது சரியா வரலன்னு ரெண்டாவது வார்த்தீங்க. அதுலயும் புண்ணு வருதேன்னு மூணாவது. மாவுக்கட்டு போட்டு அச்செடுத்து, அங்க தேச்சு, இங்க தேச்சு, அவன நடக்க விட்டு, ஒரு காதச் சாச்சுக்கிட்டு அவன் காலடிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிப்பீங்களே, நான் பாத்திருக்கேன். இங்க நடந்தா வலி இல்ல. வீட்டுக்குப் போனா வலி. நசாருக்கு சாக்கெட் வார்க்க வராதுன்னு உங்க பேரச் சொல்லி உங்க பெரியவர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அன்னிக்கு உங்க மொகம் போன போக்கு எனக்கு மறக்கல. உங்க கையில ஒரு தப்பும் இல்ல. அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன், மனசாரத்தான் கேக்கறேன்.

ஏன்னா கேக்கறீங்க? ஏன்னு தெரியாதா உங்களுக்கு. இந்த ஊர்ல இருக்கற எந்தப் பொம்பளைய வேணாலும் கேளுங்க, ஏன்னு அவ சொல்லுவா.

லெவ்கோவ அடக்கம் பண்ணுன அன்னிக்கு நீங்க வந்திருந்தீங்களா? வரலையா. லெவ்கோ ஒஸ்தாப் கூட ஒரே பதுங்குகுழியில கெடந்தவன். இவன் கண்ணிவெடியில கால வச்சப்ப இழுத்துக்கிட்டு வந்தவன் அவன்தான், கட்டுப் போட்டவனும் அவன்தான். கட்டுப் போட்டுக்கிட்டே, கவலப்படாத, இனிமே ஒத்த சாக்ஸ் தொலஞ்சாலும் உனக்குப் பரவாயில்லன்னானாம். அப்படிப்பட்ட வாய். பனி கரையற சமயத்துல அவனும் போய்ச் சேந்தான். எங்க தெரு வழியாத்தான் கொண்டாந்தாங்க. தெருவே ரெண்டு பக்கமும் மண்டி போட்டுச்சு. நானும் வண்டிய நிறுத்திட்டு எறங்குனேன், பயணிங்களும் எறங்குனாங்க. எதிர்ப்பக்கம் பாத்தா ஒஸ்தாப்பும் மண்டி போட்டிருக்கான், நீங்க குடுத்த ரெண்டாவது காலோட. ஈரத் தரையில. அவன் நின்னிருந்தா யாரு தப்பா நெனைக்கப் போறாங்க, சொல்லுங்க. வண்டி கடந்து போச்சு, எல்லாரும் எந்திரிச்சாங்க. இவனால எந்திரிக்க முடியல. போர்சுக்தான் வந்து அக்குள்ல கையக் குடுத்துத் தூக்கி விட்டான்.

போர்சுக் அவங்க கமாண்டர். நல்ல மனுஷன். அதான் பிரச்சன. கெட்டவனா இருந்தா, போன் வந்தா நாலு வார்த்த திட்டிட்டு வச்சிருப்பேன்.

இடுகாட்டுல லெவ்கோவோட அம்மா இவன் சட்டைக் கையப் புடிச்சுக்கிச்சு. அழல. நீங்கல்லாம் இருக்கீங்கல்ல, என் புள்ள எடத்த விட்டுற மாட்டீங்கல்லன்னு கேட்டுச்சு. இவன் சொன்னான், இந்தக் கால் என்னை வலிக்காம நடக்க விடற அன்னிக்கு நான் அங்க இருப்பேன்மான்னு. அத்தன பேரும் கேட்டாங்க. போர்சுக் கேட்டான். குழியில மண்ணு தள்ளிக்கிட்டிருந்தவனும் மம்மட்டிய நிறுத்திட்டுக் கேட்டான். ஒருத்தரும் இவனக் கூப்பிடல தம்பி. சட்டமும் கூப்பிடல, பட்டாளமும் கூப்பிடல. காலக் குடுத்துட்டு வந்தவன், வீட்டுல இருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. இவனா வாக்குக் குடுத்தான். குடுத்த வாக்க எப்படித் திருப்பி வாங்குறது?

அதுலேர்ந்து போர்சுக் ஞாயித்துக்கிழமையானா போன் பண்றான். வான்னு ஒரு நாளும் சொன்னதில்ல. கால் எப்படி இருக்கு, அவ்வளவுதான் கேப்பான். இவன், இன்னும் புண்ணு ஆறலன்னு சொல்லுவான். சரி, பாத்துக்கன்னு வச்சுருவான். இந்த சனிக்கிழமை வண்டி ரிப்பேருக்கு இந்தப் பக்கம் வர்றானாம், வீட்டுக்கு வர்றானாம், போர்ஷ்ட் சூப்பு வச்சு வைக்கச் சொல்லியிருக்கான். நேர்ல வந்து கேக்கப் போறான். கால் எப்படி இருக்குன்னு.

திரும்பிப் போனா ட்ரோன் ஓட்டற வேலதான், உக்காந்த எடத்துல செய்யறதுதான்னு சொல்றாங்க. தெரியும். லெவ்கோவும் உக்காந்துதான் இருந்தான்.

உங்க அண்ணன் இன்னும் அங்கதான் இருக்காருன்னு எனக்குத் தெரியும் தம்பி. நீங்க சொல்லிக் காட்ட வேணாம். போனதுலேர்ந்து ஒழுங்கா ஒரு லீவு இல்ல, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு, போட்டோ உங்க மேஜை மேலயே இருக்கு. எம் புருஷன் வீட்டுல இருந்தா உங்க அண்ணன் இன்னும் ஒரு நாள் சேத்து அங்க நிக்கணும். அந்தக் கணக்கு எனக்குப் புரியாதுன்னு நெனைக்கறீங்களா. அதுக்குப் பதில் இருக்கற மாதிரி பேசினா அது பொய்யி.

ஒண்ணு மட்டும் சொல்றேன். காலைல ஒம்பது மணிக்கு சண்டையில செத்தவங்களுக்காக ஊரே ஒரு நிமிஷம் நிக்குதில்ல, நானும் வண்டிய நிறுத்துவேன். போன வாரம் ஒஸ்தாப் என் வண்டியில முன் சீட்டுல வந்தான், இங்கதான் வந்துக்கிட்டிருந்தான். ஒம்பது அடிச்ச உடனே எந்திரிச்சான். கம்பியப் புடிக்கல. புடின்னு கண்ணாடியில கண்ணக் காட்டறேன், புடிக்கல. நிமிஷம் முடிஞ்சு எல்லாரும் உக்காந்தாங்க. ஒரு அம்மா, கையில காய்கறிப் பையி, பூட்ஸெல்லாம் சேறு, நேரா அவன்கிட்ட வந்து அவன் கையத் தூக்கி முத்தம் குடுத்துட்டு எறங்கிப் போச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அவன் அந்தக் கைய சோப்பு போட்டுக் கழுவுனான். ரொம்ப நேரம் கழுவுனான். தண்ணி ஓடற சத்தத்தக் கேட்டுக்கிட்டு நான் அடுப்படியில நிக்கறேன்.

ஆமா, புண்ணப் பத்தித்தான் பேசணும். அதுக்குத்தான வந்தேன். நீங்க சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. இப்ப முழங்காலு இருக்கு, முழங்காலு இருக்கற வரைக்கும் அவன் பாதி ராஜான்னு சொன்னீங்க. புண்ணு எலும்பு வரைக்கும் போச்சுன்னா முழங்காலுக்கு மேல எடுக்க வேண்டி வரும், அப்புறம் மாடிப்படி, சைக்கிளு, எல்லாத்துக்கும் ஒரு பெரிய கும்புடுன்னீங்க. நேத்து கட்டு மாத்தறப்ப வாட வந்துச்சு தம்பி. லேசாத்தான். ஆனா வந்துச்சு. அவன் மொகத்தப் பாத்தேன், அவனுக்கும் வந்திருக்கு, அவன் சன்னலப் பாத்துக்கிட்டிருக்கான். அதான் இன்னிக்கு டூட்டிய மாத்திக்கிட்டு நானே அவன இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.

வாட வர்ற வரைக்கும் எதுக்குத் திருப்புனன்னா... பயம் வந்தா புத்தி எங்க நிக்குது. ஒரு தடவ திருப்புனா ஒரு வாரம் வீட்டுல இருக்கான். அப்புறம் இன்னொரு வாரம். அப்படியே போச்சு.

எதால திருப்புனேனா? இதென்ன போலீஸ் விசாரணையா. ஸ்க்ரூ டிரைவரால. ஸ்க்ரூ டிரைவர் போகாதா, ஆறுபட்டை ஆலன் கீயா? ஆமா, ஆலன் கீதான், அதத்தான் சொல்ல வந்தேன். டிப்போல கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். எந்த ஸ்க்ரூன்னா, அந்தா, கணுக்கால் கிட்ட, அந்தப் பெரிய ஸ்க்ரூ. நாலும் ஒரே அளவா? சரி, முன்னாடி இருக்கறது. முன்னாடி இருக்கறதுல கோடு அப்படியே இருக்கா? அப்ப பக்கவாட்டுல உள்ளது. கழட்டிப் படுக்கப் போட்டா எது முன்னாடி எது பக்கவாட்டுன்னு யாருக்குத் தம்பி தெரியும்.

எதிர்ல இருக்கறதையும் அதே அளவுக்கு இறுக்கியிருக்கா? எதுக்கு? ஓ. இறுக்கலன்னா பாதம் கழண்டு ஆடுமா. விழுந்துருவானா. அப்ப விழாம, வலி மட்டும் வர்ற மாதிரி... தோலுக்குள்ள எந்த எடத்துல அழுத்துதுன்னு போட்டுப் பாத்தவனுக்குத்தான் தெரியுமா.

அதெல்லாம் எனக்கு எப்படித் தம்பி தெரியும். குளியல் ரூம் கதவு இடுக்குல பாத்தா அவன் முதுகுதான தெரியுது. எந்த ஸ்க்ரூவத் திருப்பறான்னா தெரியுது.

ஆமா. அவன்தான்.

உக்காருங்க. இப்ப நீங்க உக்காருங்க.

ஒரு நாள் காலைல டூட்டிக்குக் கெளம்பி பாதி மாடி எறங்கிட்டேன், டிப்போ பாஸ மறந்துட்டு வந்துட்டோமேன்னு திரும்பி வந்தேன். எங்க கட்டடத்துல கரண்ட் இல்ல, கீழ கடையில ஜெனரேட்டர் ஓடுது, அந்தச் சத்தத்துல நான் கதவத் தொறந்தது அவனுக்குக் கேக்கல. குளியல் தொட்டி விளிம்புல உக்காந்திருக்கான், கால மடியில தலகீழா வச்சுக்கிட்டு. திருப்புனான். அப்புறம் எடுத்து மாட்டுனான். எந்திரிச்சு நின்னு மொத்த பாரத்தையும் அது மேல போட்டான். மேல கண்ணாடி இருக்கு, அதுல அவன் மொகம் தெரிஞ்சுது. பல்லக் கடிச்சுக்கிட்டான், கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்புறம் தலைய ஆட்டிக்கிட்டான். சரியா இருக்குன்னு. அந்தத் தலையாட்டல நான் இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்.

நான் கதவத் தட்டல. பாஸும் எடுக்கல. எறங்கிப் போயி வண்டிய எடுத்தேன். பாலத்துத் திருப்பத்துல வண்டிக்கு மேல கரண்ட் எடுக்கற கம்பி கழண்டுக்கிச்சு, எறங்கி மாட்டறேன், தப்பா மாட்டறேன், மறுபடி கழட்டறேன். பின்னாடி கார்க்காரன் ஹாரன் அடிக்கறான். யாரோ ஒரு பொண்ணு, அக்கா உங்களுக்கு யாராவது போயிட்டாங்களான்னு கேட்டுச்சு. இல்லம்மா, வீட்டுலதான் இருக்காருன்னு சொன்னேன்.

ஏன் தட்டலன்னா... தட்டியிருந்தா அவன் இன்னிக்கு உங்க பெஞ்சுல உக்காந்திருக்க மாட்டான். அன்னிக்கே பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பியிருப்பான், புண்ணோட, ரத்தத்தோட. நான் பாத்துட்டேன்ற ஒண்ணுக்காகவே போயிருப்பான். அவன எனக்குத் தெரியும். செத்தாலும் சாவானே தவிர இன்னொருத்தர் கண்ணு முன்னாடி அந்த ஸ்க்ரூவக் கையில வச்சுக்கிட்டு நிக்க மாட்டான்.

கோழைன்னு நெனைக்காதீங்க தம்பி. நீங்க நெனைக்கலாம், உங்களுக்கு அந்த உரிமை இருக்கு, உங்க அண்ணன் அங்க இருக்காரு. ஆனா நெனைக்காதீங்க. கோழையா இருந்தா இவ்வளவு வலியத் தாங்குவானா. எனக்குப் பயமா இருக்கு, என்னால இனி முடியாதுன்னு ஒரே ஒரு வார்த்த. அத சொல்றதுக்குப் பதிலா தன் மிச்சக்கால அழுக விடறான். அந்த வார்த்த அவன் வாயில வராது. இடுகாட்டுல அத்தன பேரு முன்னாடி வாக்குக் குடுத்துட்டு, லெவ்கோ அம்மாகிட்ட எப்படி வரும்?

ஆனா வேற ஒண்ணு சொல்லலாம். பொண்டாட்டி விட மாட்டேங்கறான்னு சொல்லலாம். அதுல எந்த ஆம்பளைக்கும் வெக்கம் கெடையாது. எங்க டிப்போல பாதிப் பேரு குடிக்கக் கூப்பிட்டா அதச் சொல்லித்தான பாட்டிலத் தள்ளி வைக்கறான். என்ன பண்றது கமாண்டர், வீட்டுல ஒரு பைத்தியம் உக்காந்திருக்கு, நான் கெளம்பறேன்னா என் காலையே கழட்டி வைக்கறா, இவள இப்படியே விட்டுட்டு எங்க வர்றதுன்னு சொல்லலாம். போர்சுக் என்னைத் திட்டுவான். ஒஸ்தாப் தோள்ல தட்டுவான். போர்ஷ்ட் குடிச்சிட்டுப் போயிருவான்.

பேரு கெடட்டும் தம்பி. டிப்போல என்னை என்ன வேணா சொல்லிக்கட்டும். லெவ்கோ அம்மா என் மொகத்துல துப்புனா தொடச்சுக்குவேன். எனக்கென்ன, நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல. மெடல் வாங்குனவளும் இல்ல. என் கையில எந்த அம்மாவும் முத்தம் குடுக்கல.

அதனால நீங்க கால நல்லாவே பண்ணுங்க. அந்த ஸ்க்ரூவெல்லாம் எங்க நிக்கணுமோ அங்க நிறுத்தி, பசையப் போட்டு இறுக்கி, மேல என்ன பூச்சு வேணாலும் பூசுங்க. புண்ணுக்கு டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டிடறேன். அவன் வலியில்லாம நடக்கணும். நடந்து வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. ரெண்டும் வேணும்னா பேராசதான், தெரியும்.

பொய்தான். உங்கள பொய் சொல்லச் சொல்றேன், ஆமா. அதுவும் உங்களுக்கு அண்ணன் அங்க இருக்கறப்ப. மாட்டேன்னு சொன்னா நான் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்ல எனக்கு மொகமும் இல்ல.

கண்ணத் தொடச்சுக்கங்க. கோவமா இருக்கற மாதிரி வெளிய வரணும், இப்படி வந்தீங்கன்னா எவன் நம்புவான்.

அவன இங்க கூப்பிட வேணாம். வராந்தாவுக்கே போவோம். அவங்க அத்தன பேரு முன்னாடி என்னைத் திட்டுங்க. மூணு சாக்கெட்டுக்கும் சேத்துத் திட்டுங்க, அந்தக் கோவம் உண்மதான, அத எடுத்துக்கங்க.

அவனுக்கா? எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. இப்ப தெரிஞ்சுரும். நீங்க வாயத் தொறந்த உடனே என்னைப் பாப்பான். அந்த வராந்தாவுல உங்களத் தவிர நான் செய்யலன்னு தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். நான் தலையக் குனிஞ்சுக்குவேன், ஒரு வார்த்த பேச மாட்டேன். இல்ல, அவ இல்ல, நான்தான்னு அவன் சொல்லிட்டான்னா முடிஞ்சுது. சனிக்கிழமை போர்சுக் வண்டியில ஏறிருவான். அவனும் உங்க கூடச் சேந்து என்னைத் திட்டுனான்னா, எங்கூட வீட்டுக்கு வந்துருவான்.

திட்டுவான்னுதான் நெனைக்கறேன். திட்டணும்.

வாங்க. அவனுக்கு இடது காது கேக்காது, வலது பக்கமா நின்னு சத்தமாத் திட்டுங்க.